கறுப்புத் தவாவைப் பழக்கிய காலை

என் வீட்டுக்காரருக்குத் தோசைக்கல் என்றால் ஒரு கிறுக்கு. அவருடைய அப்பா கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், டிபன் கடை வைத்திருந்தவர். துறைமுகத்து ஆட்கள் விடிவதற்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். இவர் கல்லுக்கு முன்னால் நின்று அவர்களுக்குத் தோசை போட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாராம். பிறகு அரசாங்க வேலை கிடைத்தது, கடையை மூடியாயிற்று, வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றாயிற்று. கல் மட்டும் அவரை விடவில்லை.

மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் யார் புது இரும்புக் கல் வாங்கினாலும் அது முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். புதுக் கல்லைப் பழக்க வேண்டும். அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, எண்ணெய் தடவி, அடுப்பில் ஏற்றிப் புகைய புகையக் காய வைக்க வேண்டும். பிறகு வெங்காயத்தைக் குறுக்கே வெட்டி கல்லின் மேல் அழுத்தித் தேய்க்க வேண்டும். ஆறவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. பழக்காத கல்லில் தோசை ஊற்றினால் பாதி கல்லோடு நிற்கும், பாதி கரண்டியோடு வரும். இவர் பழக்கிக் கொடுத்த கல்லில் தோசை தானாகவே எழுந்து வரும். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. முப்பது பிள்ளைகளை ஒரு வருஷத்தில் பழக்குகிறேன், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இவர் ஒரு கல்லைப் பழக்கினால் தெருவே வந்து பாராட்டும். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

மகள் பிரசவத்துக்கு வந்திருந்தபோதுதான் அந்தக் கறுப்புத் தவா எங்கள் வீட்டுக்கு வந்தது. அவளைச் சிதம்பரத்தில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை ஒரு தனியார் கல்லூரியில் கெமிஸ்ட்ரி வாத்தியார், அண்ணாமலை நகர் பக்கத்தில் வீடு. ஆண் குழந்தை பிறந்ததும் சம்பந்தியம்மா பார்க்க வந்தார். வெள்ளிக் கொலுசு, சட்டை துணி, ஆப்பிள் பழம் எல்லாவற்றோடும் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றையும் என் கையில் கொடுத்தார்.

"நான்ஸ்டிக் அண்ணி. பெத்த உடம்புக்கு எண்ண ஜாஸ்தி சேரக்கூடாது. இதுல ஒரு சொட்டு விட்டாப் போதும். எங்க வீட்ல நான் வச்சிருக்கிற அதே மாதிரி பாத்து வாங்கினேன்" என்றார்.

என் வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. முகத்தில் ஓர் ஏளனம் தெரிந்தது, ஆனால் சம்பந்தி கொடுத்தது ஆயிற்றே, வாயைத் திறக்கவில்லை. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை யாரும் பிரிக்கவில்லை. தோசைக்கல்லுக்கு என்ன பாடம் வேண்டியிருக்கிறது?

இரண்டு நாள் கழித்து மகள், "அப்பா, ஒரு தோசை சாப்பிடணும் போல இருக்குப்பா" என்றாள். பத்தியச் சாப்பாடு அவளுக்கு அலுத்துவிட்டது. அவ்வளவுதான், மறுநாள் விடிந்தும் விடியாமலும் இவர் அடுப்படிக்குள் நுழைந்துவிட்டார். புதுக் கல்லில் மகளுக்கு முதல் தோசை, அதைப் பழக்காமல் ஊற்றுவாரா? எண்ணெய் தடவி, அடுப்பைப் பெரிதாக வைத்து, வெங்காயத்தை வெட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. பிள்ளை பெற்ற வீட்டில் பச்சை உடம்புக்குக் காற்று படக்கூடாது என்று எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் சாத்தித்தான் வைப்போம். மகளும் காதில் பஞ்சு வைத்துத் தலையில் துணி சுற்றி, முன்னறையில் கதவை மூடிக்கொண்டு குழந்தையோடு படுத்திருந்தாள். நான் குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். ஒரு வாசனை வந்தது. எண்ணெய்ப் புகை மாதிரி இருந்தது, ஆனால் அது மட்டும் இல்லை. பிளாஸ்டிக் கருகினால் வருவதுபோலவும் இருந்தது. கடலூர்க்காரிக்கு இதெல்லாம் பெரிதாகத் தெரியாது. கெமிக்கல் கம்பெனிகள் இருக்கும் பக்கத்திலிருந்து காற்றடித்தால் சில நாள் ஏதாவது ஒரு வாசனை வரும், மூக்கைச் சுளித்துவிட்டு வேலையைப் பார்ப்போம். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

அடுப்படிக்குப் பின்னால் ஒட்டினாற்போல் ஒரு சின்ன தாழ்வாரம். அங்கே ஒரு கூண்டில் லவ் பேர்ட்ஸ் ஜோடி ஒன்று இருந்தது. மகள் கல்லூரியில் படிக்கும்போது ஆசைப்பட்டு வாங்கியது. அவள் கல்யாணமாகிப் போனபின் இவர்தான் அவற்றுக்கு எல்லாம். தினை போடுவார், கிண்ணத்தில் தண்ணீர் மாற்றுவார், பத்திரிகையில் வந்த செய்திகளைக்கூட அவற்றிடம் சொல்வார். என்னிடம் சொன்னால் நான் குறுக்கே பேசுவேனாம்.

முதல் தோசையைத் தட்டில் போட்டு மகளுக்குக் கொடுத்துவிட்டு, பழக்கத்தில் ஒரு சின்ன துண்டைப் பிய்த்துக்கொண்டு கூண்டுப் பக்கம் போனார். போனவர் என்னைக் கூப்பிட்ட குரலில் என் கையிலிருந்த துணி நழுவிவிட்டது. இரண்டும் கூண்டின் அடியில் கிடந்தன. பச்சை ஒன்று, மஞ்சள் ஒன்று. கால்கள் மேலே பார்த்தபடி இருந்தன.

அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அம்மா காற்றில் வருகிற நாற்றம்தான் என்றார். ஆனால் அன்று கடல் காற்று. மாடி வீட்டுக்காரர் வெயில் என்றார். காலை ஏழு மணிக்கு என்ன வெயில்? குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு முந்தின மாலை நான் போட்ட சாம்பிராணிப் புகையாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார். மஞ்சள் குருவி முந்தின நாளே சிறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்ததும் எனக்கு ஞாபகம் வந்தது. ஏற்கெனவே சீக்கோ என்னவோ. பிள்ளைக்கு வந்த கண்ணேறு குருவியோடு போயிற்று என்றும் ஒருத்தி சொன்னாள். அது ஒன்றுதான் கேட்பதற்கு ஆறுதலாக இருந்தது.

மகள் மட்டும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் அவள் வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, அந்தத் தவாவ காலியா காய வச்சீங்களா?"

"காலியா எங்க? எண்ண தடவிதான். பழக்க வேணாமா?"

"அது இரும்பு இல்லப்பா! மேல இருக்கிறது கோட்டிங். ரொம்ப சூடானா விஷப் புகை வரும், குருவியெல்லாம் செத்துரும்னு நெட்ல போட்டிருக்கான். இந்தச் சின்ன மூக்கால பிள்ளையும் அதத்தானப்பா இழுத்திருக்கும்!"

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். கையில் துடைக்கும் துணி இருந்தது. நான் சும்மா இருப்பேனா? "ஜன்னலச் சாத்தினது நான். அதையும் சேர்த்துத் திட்டு. தோசை கேட்டது நீ. அதையும் சேர்த்துக்க" என்று பாய்ந்தேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். பிள்ளை பெற்றவளை அழவைத்துவிட்டேனே என்று எனக்கும் அழுகை வந்தது. குழந்தை மட்டும் நன்றாகத் தூங்கியது. அப்படித் தூங்குவது நல்லதா கெட்டதா என்று நாங்கள் மாறி மாறி அதன் மூக்கருகில் விரல் வைத்துப் பார்த்தோம்.

அடுத்த நாள் குழந்தைக்கு மூக்கடைத்துக்கொண்டது. ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடினோம். அவர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார், நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, இந்த வயதில் மூக்கடைப்பது சகஜம் என்றார். மகள் தவாவைப் பற்றிக் கேட்டாள். டாக்டர் கொஞ்சம் யோசித்து, "இனிமே அப்படிச் செய்யாதீங்க" என்றார். அப்படியென்றால் செய்தது தப்புதானா? தப்பென்றால் ஏன் மருந்து கொடுக்கவில்லை? தப்பில்லை என்றால் ஏன் செய்யாதீங்க என்கிறார்? வீடு வரும்வரை இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மகளைக் கேட்கப் பயமாக இருந்தது.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் குழந்தை இருக்கும் அறைக்குள் போவதில்லை. யாரும் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. கதவுக்கு வெளியே நின்று, "தூங்குறானா?" என்று கேட்பார். சாதாரணமாக மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் பிள்ளையோடு மகளை அனுப்புவோம். எங்கள் மகள் மாதம் ஒன்று நிறைந்ததுமே கிளம்பிவிட்டாள். தெருவில் கேட்டவர்களுக்கு மாப்பிள்ளைக்குப் பிள்ளையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று சொன்னேன். சம்பந்தியம்மா இங்கே வந்தபோது பார்த்த குருவிகளைப் பற்றிப் போனில் கேட்டபோது பூனை பிடித்துவிட்டது என்று சொன்னேன். அவர் ஆசையாக வாங்கிக் கொடுத்த பொருளை எப்படிக் குறை சொல்வது? குறை சொன்னால் அது மகள் தலையில்தான் வந்து விடியும்.

தவாவைத் தூக்கிப் போடவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. அவர் அதைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டார். எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. இந்த மனுஷன் தன் பேரனுக்குக் கெடுதல் செய்தாரா இல்லையா என்று யாராவது ஒருவர் எனக்கு நேராகச் சொல்ல வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூரில் நாங்கள் வழக்கமாக வாங்கும் பாத்திரக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சிரித்தார். "அது பழைய காலத்து சரக்கும்மா. இப்ப வர்றதுல அந்தக் கெமிக்கல் கெடையாது. பாருங்க, ஸ்டிக்கர்லயே போட்டிருக்கான்" என்று காட்டினார். அதற்குப் பதிலாக என்ன போட்டிருக்கிறார்கள் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. செராமிக் ஒன்றைக் காட்டினார். கிரானைட் ஒன்றைக் காட்டினார். கிரானைட் என்றால் கல்லா என்று கேட்டேன். "பேருதான்மா கிரானைட். மேல புள்ளி புள்ளியா இருக்கில்ல, அதான்" என்றார். கடைசியில் ஓர் இரும்புக் கல்லையும் எடுத்து வைத்து, "எதுவும் வேணாம்னா இது இருக்கு. சார்தான் பழக்கிருவாரே" என்றார். நான் ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.

பிறகு மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். கெமிஸ்ட்ரி படித்தவர், இவராவது ஒரே வார்த்தையில் சொல்லமாட்டாரா?

"அத்தை, சாதாரணமா தோசை சுடுற சூட்டுக்கு ஒண்ணும் ஆகாது. காலியா வச்சு ரொம்பக் காயவிட்டாத்தான் அந்தப் பூச்சு உடைஞ்சு புகையா வரும். குருவிக்கு நுரையீரல் ரொம்ப மென்மை, சட்டுனு போயிரும். மனுசங்களுக்கு அதிகபட்சம் காய்ச்சல் மாதிரி வந்து போகலாம்" என்றார்.

"பூச்சு உரிஞ்சு வயித்துக்குள்ள போனா?"

"அது போன மாதிரியே வெளிய வந்துரும் அத்தை. அதுக்கு ஜாஸ்தி பயப்பட வேணாம்."

"அப்ப அந்த ஸ்டிக்கர்ல இல்லன்னு போட்டிருக்காங்களே, அது எது?"

"அது தயாரிக்கும்போது முன்னாடி சேர்த்தது. அது வேற விஷயம். இப்ப அதுக்குப் பதிலா வேற சேர்க்கறாங்க. அதுல என்னென்னன்னு இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்காங்க."

நான் ஒரு கேள்வியோடு போன் செய்தேன், வைக்கும்போது மூன்று கேள்விகள் கையில் இருந்தன. உரிந்து வயிற்றுக்குள் போனால் பயமில்லை, உரியாமல் சூடானால் பயம். பழையதில் இருந்தது இப்போது இல்லை, இப்போது இருப்பது என்னவென்று தெரியாது. "அப்ப நம்ம புள்ளைக்கு?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கான் அத்தை" என்றார். அவரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம் நான் போய், மாப்பிள்ளை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார் என்றேன். அவர், "குருவிக்கு என்ன சொன்னாரு?" என்று கேட்டார்.

சில மாதம் இப்படியே போயிற்று. நான் மட்டும் சிதம்பரம் போய் வருவேன். அவருக்கு முட்டி வலி, பஸ்ஸில் உட்கார முடியாது என்று ஒரு சாக்கு. ஒரு நாள் மாப்பிள்ளை போன் செய்தார். குழந்தை குப்புற விழுந்துவிட்டானாம். "மாமா இந்தத் தடவ கண்டிப்பா வரணும். இல்லன்னா நானே வந்து கூட்டிட்டுப் போவேன்" என்றார். மாப்பிள்ளை வந்து கூட்டிப்போகும்படி வைத்துக்கொள்ள முடியுமா? ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். பஸ் முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியதும் அவர், "நான் தூக்கலன்னா ஏதாவது நெனச்சுக்குவாங்களா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மாடியில் வீடு. குழந்தைக்காகக் கூடத்தில் ஏசி போட்டு எல்லா ஜன்னலையும் மூடியிருந்தார்கள். தூளியில் குழந்தை கால் உதைத்துக்கொண்டு கிடந்தான். இவர் வாசற்கதவுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தே பார்த்துச் சிரித்தார்.

சம்பந்தியம்மா தோசை ஊற்ற எழுந்தார். உதவிக்கு நானும் பின்னால் போனேன். அடுப்பில் அதே மாதிரி ஒரு நான்ஸ்டிக் தவா இருந்தது. ஓரத்தில் மட்டும்தான் கறுப்பு. நடுவில் தேய்ந்து, கீறி, அலுமினியம் வெளியே தெரிந்தது. அதில் எவர்சில்வர் தோசைத் திருப்பியால் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

"இவன் காலேஜ் படிக்கும்போது வாங்கினது அண்ணி. என்னா ஒழைப்பு பாருங்க!" என்றார்.

கூடத்துக்குத் திரும்பி வந்து என் மகளைப் பார்த்தேன். தட்டில் தோசையை வைத்துக்கொண்டு குனிந்து சாப்பிட்டாள். பெற்றவனைப் பார்த்து விஷப்புகை என்று கத்தியவள் இவள்தானா? எங்கள் வீட்டில் வக்கீல் மாதிரி வாய், இங்கே வாயில் தோசை. மாப்பிள்ளையைப் பார்த்தேன். எனக்கு அவ்வளவு பாடம் எடுத்த கெமிஸ்ட்ரி வாத்தியார் சட்னியைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உரிந்து போனால் ஒன்றுமில்லை என்று அவர் சொன்னது கெமிஸ்ட்ரியா, இல்லை அம்மாவிடம் சொல்ல முடியாததற்குச் சொல்லிக்கொண்ட சமாதானமா? என் தட்டிலும் ஒரு தோசை விழுந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டேன். நானும் அந்த வீட்டில் பெண் கொடுத்தவள்தானே.

கிண்ணத்தில் மாவைக் கரைத்துவிட்டு வந்து அடுத்ததை ஊற்றலாம் என்று சம்பந்தியம்மா தவாவை அடுப்பிலேயே விட்டிருந்தார். அதற்குள் கீழே தண்ணீர் கேன்காரர் கூப்பிட்டார். போன கேனுக்கே மூடி சரியில்லை என்று அவரிடம் சண்டை பிடிக்கப் படியிறங்கிப் போனார். அடுப்பு பெரிதாக எரிந்துகொண்டிருந்தது. தவா காலியாக இருந்தது.

கூடத்துக்குள் அந்த வாசனை வந்தது. எனக்கு அது நன்றாகவே தெரிந்தது. மகள் தலை நிமிர்ந்தாள். அவள் என்னைப் பார்த்தாள், நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன், அவர் அடுப்படியைப் பார்த்தார். சம்பந்தி வீட்டு அடுப்பில் நான் கை வைத்தால் என்ன நினைப்பார்கள் என்று நான் யோசித்தேன். அவள் என்ன யோசித்தாளோ. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

என் வீட்டுக்காரர் எழுந்தார். முட்டி வலிக்காரர் நேராக அடுப்படிக்குள் போனார். அடுப்பை அணைத்தார், ஜன்னலைத் திறந்தார், வெளியே வந்து ஏசியை நிறுத்தினார், பால்கனிக் கதவையும் திறந்தார். தண்ணீர் கேனோடு ஏறி வந்த சம்பந்தியம்மா திகைத்துப்போய் நின்றார்.

"என்னாண்ணே? என்னாச்சு?"

"கல்லு காலியா காயுதும்மா. அது காயக் கூடாது" என்றார் அவர். "எங்க வீட்ல குருவிய பூனை புடிக்கலம்மா. நீங்க ஆசையா குடுத்த கல்ல நான்தான் இரும்புக் கல்லுன்னு நெனச்சு புகைய புகைய காய வச்சேன். ரெண்டும் கூண்டுலயே செத்துக் கெடந்துச்சு. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. எனக்குத்தான் தெரியல."

சம்பந்தியம்மா கேனைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை, என் வீட்டுக்காரரையும் பார்க்கவில்லை. தன் மகனைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமாடா?"

மாப்பிள்ளை தட்டைத் தள்ளி வைத்தார். மகள் எழுந்து கையைக் கழுவினாள். தூளியிலிருந்து குழந்தையைத் தூக்கினாள். பால்கனிப் பக்கம் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கீழ தூக்கிட்டுப் போங்கப்பா, காத்தாட. நான் மத்த ஜன்னலத் தொறக்கறேன்."

அவர் இரண்டு கையையும் வேட்டியில் அழுத்தித் துடைத்துக்கொண்டு வாங்கினார். படியில் மெதுவாக, ஒவ்வொரு படியாக இறங்கினார். நான் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். தெருவில் வேறு யாரும் இல்லை. குழந்தையைத் தோளில் சாய்க்காமல், கொஞ்சம் தள்ளிப் பிடித்தபடியே நின்றார். ஒவ்வொரு தடவை மூச்சு விடும்போதும், அடுப்படிப் புகை இன்னும் தன் நெஞ்சுக்குள் இருப்பதுபோல, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி விட்டுவிட்டு, பிறகு திரும்பி அவனைப் பார்த்தார்.